மாமாவின் குவார்ட்டரும் என் கைபேசியும்

போன வருஷம் ஆடி மாசம் சின்ன மாமாவை ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மாவின் கடைசித் தம்பி. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஆப்பரேட்டர். இருபத்தாறு வருஷ அனுபவம். (கட்டிங் மெஷின்காரன் கட்டிங்குல மாட்டிக்கிட்டான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வீட்டில் யாரும் சிரிக்க மாட்டோம்.) ஆறேழு மாசமாகக் காலையில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒரு கட்டுக் காகிதத்தை ஒரே இறக்கில் அறுக்கிற கத்தி அது. நடுங்குகிற கையை அதன் முன்னால் நிறுத்த அச்சக முதலாளிக்குப் பயம். "சரி பண்ணிட்டு வாங்க, வேலை உங்களுக்காக இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனுஷன்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். எவ்வளவு குடிப்பீங்க, எந்தச் சரக்கு, எத்தனை வருஷமா என்றுதான் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் நாலே நாலு கேள்வி கேட்டார்.

"குறைச்சுக்கணும்னு எப்பவாச்சும் நினைச்சிருக்கீங்களா ஐயா?"

"தினமும் நினைக்கிறேன்மா."

"மத்தவங்க இதைப் பத்திக் குறை சொன்னா எரிச்சல் வருமா?"

மாமா என்னைப் பார்த்தார். "வரும்."

"தப்புப் பண்றோமேன்னு மனசு உறுத்தியிருக்கா?"

தலையை ஆட்டினார்.

"காலையில கண் முழிச்சதும் முதல் வேலையா அதைத் தேடியிருக்கீங்களா?"

மாமா பதில் சொல்ல நேரம் எடுத்தார். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். அதனால் முந்தின ராத்திரியே பாதியை மிச்சம் பிடித்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த இடைவெளியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால், கையில் கைபேசியை வைத்து விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். எதையும் படிக்கவில்லை. சும்மா தள்ளிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது மாமா கேட்டார்: "அந்த நாலாவது கேள்விக்கு நீ என்ன சொல்லுவ மாப்ள?"

"எனக்கு எதுக்கு மாமா? நான் குடிக்கிறதில்லையே."

"குடியைக் கேக்கல. அந்தப் பொட்டியைக் கேக்கேன்." என் சட்டைப் பையைக் காட்டினார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வந்த பிறகுதான் உறைத்தது, இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லியாகிவிட்டது என்று.

அன்றிலிருந்து கொஞ்ச நாள் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் மருத்துவன் இல்லை. படித்ததையும் பக்கத்திலிருந்து பார்த்ததையும் கலந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த நாலு கேள்வி. அது அந்த மருத்துவர் யோசித்துக் கேட்டதல்ல. ஜான் ஈவிங் என்கிற அமெரிக்க மனநல மருத்துவர் 1984ல் வெளியிட்ட சின்னச் சோதனை. நாலு கேள்விகளின் ஆங்கில முதலெழுத்தையும் சேர்த்தால் 'கேஜ்', அதாவது கூண்டு என்று வரும். நாலில் இரண்டுக்கு ஆமாம் என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது கணக்கு. நோய் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை. அது சல்லடை மட்டும்தான்.

அதில் எனக்கு ஆச்சரியம், நாலு கேள்வியில் ஒன்றுகூட 'எவ்வளவு' என்று கேட்கவில்லை. எவ்வளவு குடித்தாய், எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, எதுவும் கிடையாது. உனக்கும் அதுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று மட்டும்தான் கேட்கிறது. அதனாலேயே அந்தக் கேள்விகளில் 'குடி'யை எடுத்துவிட்டு எதைப் போட்டாலும் பொருந்திவிடுகிறது. கைபேசி, நகம் கடிப்பது, ஆன்லைன் ரம்மி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பது. எனக்குக் கைபேசியில் நாலுக்கு நாலு. மாமாவுக்கும் நாலுக்கு நாலு.

அப்போ நானும் அவரும் ஒண்ணா? இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்வதும் பொய், 'சேச்சே' என்று சொல்வதும் பொய் என்பதுதான் படித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தது.

ஒற்றுமை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1954ல் கனடாவில், மாண்ட்ரியல் நகரத்தின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்று இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் லேசாக மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். எலி அழுத்தியது. மறுபடி அழுத்தியது. பிறகு வந்த சோதனைகளில் சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை, அசந்து விழும்வரை அழுத்தின. மூளையில் 'இன்ப மையம்' கண்டுபிடித்தாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் டோபமைன் என்கிற ரசாயனம் இந்த இடத்தோடு சம்பந்தப்பட்டது என்று தெரிந்ததும் அதற்கு 'இன்ப ரசாயனம்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் வாட்ஸப்பில் வரும் ஃபார்வர்டுகளில் அதுதான் அதன் பெயர்.

அங்கேதான் தப்பு நடந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுசாக அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் சாப்பிடப் போகவில்லை. சாப்பாடு பக்கத்திலேயே இருந்தாலும் பட்டினி கிடந்தன. ஊட்டித்தான் உயிரோடு வைக்க வேண்டியிருந்தது. ஆனால் சர்க்கரைத் தண்ணீரை எடுத்து நாக்கில் விட்டால் மற்ற எலிகளைப் போலவே ரசித்து நக்கின. ருசி தெரிகிறது, பிடிக்கிறது, ஆனால் வேண்டும் என்று தோன்றவில்லை. அதாவது மூளையில் 'பிடிக்கிறது' ஒரு வேலை, 'வேணும்' என்பது வேறொரு வேலை. டோபமைன் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்த்துக்கொள்கிறது. 1993ல் இவர்கள் முன்வைத்த விளக்கம் இதுதான்: போதைப் பழக்கம் முற்ற முற்ற 'வேணும்' மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகிறது. 'பிடிக்கிறது' அப்படியே நிற்கும், இல்லையென்றால் குறைந்துகூடப் போகும்.

இதைப் படித்தபோது எனக்கு மாமா ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. "ருசிச்சா குடிக்கேன்னு நினைக்க? மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஊத்துதேன்டா. வாந்தி வர்ற மாதிரி இருக்கும். அப்பவும் ஊத்துவேன்." அன்றைக்கு அதைக் குடிகாரனின் சால்ஜாப்பு என்று நினைத்தேன். பிடிக்காததை ஏன் குடிக்கணும், பிடிச்சுதானே குடிக்கிறார் என்பது என் கட்சி. ராத்திரி ஒரு மணிக்கு, கண் எரிய, யாரோ முன்பின் தெரியாத ரெண்டு பேர் இட்லியைப் பற்றிச் சண்டை போடுவதைக் கைபேசியில் படித்துக்கொண்டு கிடப்பேனே, அதில் எனக்கு என்ன சந்தோஷம் இருந்தது? ஒன்றும் இல்லை. எரிச்சல்தான். ஆனாலும் கட்டைவிரல் நிற்காது.

மனுஷர்களிடமும் இதற்கு ஒரு வலுவான சாட்சி இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு, டோபமைன் செய்கிற வேலையைச் செய்யும் சில மாத்திரைகள் தருவார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குத் திடீரென்று சூதாட்டம், கட்டுக்கடங்காத ஷாப்பிங், ஓயாத தீனி என்று ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்கிறது. வாழ்நாளில் லாட்டரிச் சீட்டுகூட வாங்காத ரிட்டயர்டு மனுஷன் சேமிப்பையெல்லாம் தொலைத்துவிட்டு நிற்பார். மாத்திரையைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அவருடைய ஒழுக்கமா மாறிப்போய் மறுபடி திரும்பி வந்தது? மாறினது மாத்திரையின் அளவு.

அடுத்து குரங்குகள். ஷுல்ட்ஸ் என்கிற நரம்பியலாளர் (முழுப்பெயர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்) குரங்குக்கு ஒரு விளக்கைக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்துப் பழச்சாறு கொடுத்தார். முதலில் சாறு வந்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. பழகப் பழக, விளக்கு எரிந்ததுமே துடித்தன. சாறு வரும்போது சும்மா இருந்தன. விளக்கைக் காட்டிவிட்டுச் சாறு தராமல் ஏமாற்றினால், சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் செல்களின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. மூளை எதிர்பார்ப்பையும் நடப்பையும் கழித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்பது இதன் அர்த்தம். இந்த வேலைக்காக 2017ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் மூளை ஆராய்ச்சிக்கான பெரிய விருது ஒன்று கிடைத்தது.

குரங்கின் விளக்குதான் மாமாவுக்குச் சனிக்கிழமைச் சம்பளக் கவர். எனக்கு அந்த 'டிங்' சத்தம். சத்தம்கூட வேண்டியதில்லை. லிஃப்ட் வருவதற்கு நிற்கிற இருபது நொடி போதும்.

சாறு வருமா வராதா என்று தெரியாமல் இருந்தால் இன்னும் மோசம். பி.எஃப். ஸ்கின்னர் 1950களிலேயே புறாக்களை வைத்து இதைக் காட்டிவிட்டார். ஒவ்வொரு கொத்தலுக்கும் தீனி விழுந்தால் புறா பசித்தபோது மட்டும் கொத்தும். எத்தனையாவது கொத்தலுக்கு விழும் என்று தெரியாவிட்டால் கொத்திக்கொண்டே இருக்கும். தீனியை நிறுத்திவிட்டாலும் ரொம்ப நேரம் கொத்தும். சூதாட்ட மெஷின் வேலை செய்வது இந்தக் கணக்கில்தான். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டில் வரிசையாக வந்ததும், அதைத் தடுக்க 2023ல் சட்டம் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். கைபேசித் திரையைக் கீழே இழுத்துவிட்டால் ஒரு சின்ன வட்டம் சுற்றுமே, புதுசாக ஏதாவது வந்திருக்கிறதா என்று? அதை எத்தனை தடவை இழுத்திருப்பேன் என்று இந்த வரியை எழுதும்போது யோசித்துப் பார்த்தேன். புறாவின் நிலைமை பரவாயில்லை.

இப்போது 'சாடை' என்கிற விஷயம். ஆங்கிலத்தில் க்யூ என்பார்கள். எனக்கு இந்த மொத்தப் படிப்பிலும் ரொம்பப் பிடித்தது வியட்நாம் கதைதான். அங்கே போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஏராளமானோர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்ற செய்தி 1971ல் வாஷிங்டனைக் கலக்கியது. ஊருக்குத் திரும்புகிற விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் சிறுநீர்ச் சோதனை கட்டாயம் என்று ஆக்கினார்கள். இவ்வளவு பேர் ஊசியோடு திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று பயம். லீ ராபின்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர் திரும்பி வந்தவர்களைத் தேடிப்போய் விசாரித்தார். வியட்நாமில் அடிமையாக இருந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அப்படிச் சொன்னவர்களில், ஊருக்கு வந்த முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். பெரும்பாலானவர்கள் சிகிச்சைகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய முடிவை நம்பாமல் பல வருஷம் அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

இதற்குக் காரணம் பல. அங்கே ஹெராயின் மலிவு, ஊரில் கிடைப்பது கஷ்டம், பிடிபட்டால் ஜெயில். ஆனால் முக்கியமான ஒன்று, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்த எல்லாச் சாடையும் வியட்நாமிலேயே தங்கிவிட்டது. அந்தக் கூடாரம், அந்தப் புழுக்கம், அந்தப் பயம், அந்தச் சேக்காளிகள். சிகிச்சை முடிந்து போகிறவர் மறுபடி வழுக்குவதற்கும் இதே காரணம்தான். அவர் திரும்பிப் போவது பழைய தெருவுக்கு. மாமாவுக்கு விமானம் கிடையாது. அச்சகத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே கடை இருக்கிறது.

நான் ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் குறித்துப் பார்த்தேன். கை கைபேசிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும், அதற்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது என்று ஒரு வரி. முதல் நாள் சாயங்காலம் அறுபதைத் தாண்டியதும் குறிப்பதை விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த அறுபதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. செய்தி வந்து எடுத்தது பத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் ஒரு வேலையில் கஷ்டமான இடம் வந்தபோது, யாரிடமாவது பேசச் சங்கடமாக இருந்தபோது, குக்கர் விசிலுக்குக் காத்திருந்தபோது. சந்தோஷத்தைத் தேடிப் போனது ஒன்றுகூட இல்லை. ஒரு சின்ன அசௌகரியத்திலிருந்து தப்பித்து ஓடினதுதான் எல்லாம்.

இதுவும் பெரிய பழக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. சந்தோஷத்துக்காக ஆரம்பித்தவர், கொஞ்ச காலத்தில், அது இல்லாவிட்டால் வருகிற கஷ்டத்தைத் தள்ளிப்போடவே தொடர்வார் என்பது போதை ஆராய்ச்சியில் நன்றாக ஊன்றிவிட்ட கருத்து. நகம் கடிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். நகம் ருசியாக இருக்கிறது என்றா சொல்வார்?

நகம் கடிப்பதற்கு ஒரு நல்ல வைத்தியம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1973ல் நேதன் அஸ்ரின், கிரிகரி நன் என்ற இருவர் கொண்டுவந்தது. கை வாய்க்குப் போவதை முதலில் கவனிக்கக் கற்றுக்கொள்வது, போகும்போது அதோடு சேர்ந்து செய்ய முடியாத வேறொன்றைச் செய்வது. உதாரணமாக, ஒரு நிமிஷம் முஷ்டியை மடக்கி வைத்துக்கொள்வது. அவ்வளவுதான். 'கடிக்காதே' என்று அதட்டுவது அதில் எங்கேயும் இல்லை. மூளைக்கு 'செய்யாதே' என்பது ஒரு வேலையே இல்லை போலிருக்கிறது.

இத்தனை ஒற்றுமையையும் படித்துவிட்டு, மாமாவுக்கு ஃபோன் போட்டு "நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி மாமா" என்று சொல்லலாம் என்றிருந்தேன். நல்லவேளை சொல்லவில்லை. அவரை வார்டில் சேர்த்தார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி நான் துணைக்கு இருந்தேன். மாமா வியர்வையில் நனைந்து எழுந்து உட்கார்ந்தார். சுவரில் எறும்பு போகிறது, தட்டிவிடு என்றார். எறும்பே இல்லை. பிறகு படுக்கை விரிப்பை ஓரம் சேர்த்து, தட்டி, நிமிர்த்தி, மறுபடி ஓரம் சேர்த்து, "கட்டு கோணலா இருக்குடா, இப்படி வெட்டுனா எல்லாம் பாழு" என்றார். மெஷின் முன்னால் நிற்பதாக நினைப்பு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் ஓடி வந்தார், மருத்துவர் வந்தார், ஊசி போட்டார்கள். விடியும்வரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்டுகிற மாதிரி அந்தக் கை இறங்கிக்கொண்டே இருந்தது.

இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். மது மூளையின் பிரேக்கை அழுத்துகிற பொருள். வருஷக்கணக்கில் பிரேக்கில் கால் வைத்தே ஓட்டினால், வண்டி நின்றுவிடாமல் இருக்க மூளை ஆக்சிலரேட்டரைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? கடைசிக் குடியிலிருந்து முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் இந்த மனக்குழப்பம் வரலாம். எல்லோருக்கும் வராது. வந்து, கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். அதற்காகத்தான் குறைத்துக்குறைத்துத் தருகிற மாத்திரைகளும் தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும். ரொம்ப வருஷம் குடித்தவர்களுக்கு இந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்தக் குறையே ஞாபகத்தை நிரந்தரமாகக் கெடுக்கலாம்.

இதைக் கொட்டை எழுத்தில் எழுத ஆசை. தினமும் நிறையக் குடிக்கிற ஒருத்தரை, "வைராக்கியமா இன்னைக்கே நிறுத்து" என்று சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்கி அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்வதாக இருந்தோம். அம்மா கற்பூரம்கூட வாங்கி வைத்திருந்தாள். நிறுத்துவது மருத்துவர் கண்ணெதிரில் நடக்க வேண்டும்.

நானும் ஒரு சனி, ஞாயிறு கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்ப் பார்த்தேன். தொடையில் அது அதிர்கிற மாதிரி பத்துத் தடவை தோன்றியது. பஸ்ஸில் கை நமநமத்தது. கொஞ்சம் சிடுசிடுப்பு. ஞாயிறு மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். அவ்வளவுதான் என் விலகல் அறிகுறி. காப்பியை நிறுத்தினால்கூட இதைவிட அதிகம் படுத்தும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தலைவலி ஆரம்பித்து இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும்.

மருத்துவ நூல்களும் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று திணறிக்கொண்டுதான் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013ல் வந்தது. சூதாட்டத்தை அதில்தான் முதல்முறையாக மது, போதைப்பொருள் இருக்கிற அத்தியாயத்துக்கு மாற்றினார்கள். உடம்புக்குள் எந்தப் பொருளும் போகாமலேயே அடிமையாக முடியும் என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது அங்கேதான். நகம் கடிப்பதையும் முடி பிடுங்குவதையும் வேறு அலமாரியில், மனச்சுழற்சி நோய்களோடு வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனம் சேர்ந்து, 2022லிருந்து நடைமுறையில் இருக்கிறது. சும்மா கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பது இரண்டிலுமே தனி நோயாக இல்லை. அதற்காக அதை யாரும் கவனிக்கவில்லை என்றில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸில் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே 2014லிருந்து ஒரு கிளினிக் நடக்கிறது.

அந்த அமெரிக்கக் கையேட்டில் போதைப் பழக்கத்துக்கு மொத்தம் 11 அறிகுறி. இரண்டு மூன்று இருந்தால் லேசு, நாலைந்து இருந்தால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் இருந்தால் தீவிரம். 'அடிமை', 'அடிமை இல்லை' என்று இரண்டு பெட்டி கிடையாது, ஒரே ஏணிதான். இதில் நான் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறேன், மாமா உச்சியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தார். ஏணி ஒன்றுதான் என்பதற்காக உயரம் ஒன்றாகிவிடாது. விழுந்தால் எனக்குச் சிராய்ப்பு. அவர் விழுந்ததில் அத்தையின் தாலிக்கொடி அடகுக்குப் போனது, பையன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டான்.

அத்தை எப்போதும் சொல்வது ஒன்றுதான். "மனசு வெச்சா முடியாதா இவருக்கு?" இருபது வருஷமாக நானும் அதையே சொன்னவன். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் வார்டில் பார்த்த அந்த ராத்திரி இல்லை. அதைப் பார்த்தால் பரிதாபம்தான் வந்தது, 'இது ஒரு நோய், நமக்கு வராது' என்று தள்ளி வைக்கத்தான் தோன்றியது. என்னை அசைத்தது அந்த நோட்டு. உயிர் போகாத, உடம்பு நடுங்காத, சாதாரணக் கைபேசியையே மனசு வைத்து ஒரு நாள் முழுக்க என்னால் தள்ளி வைக்க முடியவில்லையே. இத்தனைக்கும் என் வேலை போகவில்லை, என்னை யாரும் ஏளனமாகப் பார்க்கவில்லை, என் தெருவில் மத்தியானம் 12 மணிக்கு ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்கவில்லை.

அத்தையிடம் இதை விளக்கப் பார்த்தேன். "அப்ப அவரு பண்ணது தப்பே இல்லேங்கியா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தாலிக்கொடி அவளுடையது.

மாமா வார்டிலிருந்து வந்ததும் நாங்கள் ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவர் வீட்டுக்கு வருகிற வழியை மாற்றுவது, ரெண்டு கிலோமீட்டர் சுற்று. சம்பளத்தை அத்தையே அச்சகத்துக்குப் போய் வாங்குவது. ஆறு மணிக்கு, வழக்கமாகக் கடைக்குப் போகிற நேரத்தில், எனக்கு ஃபோன் பண்ணுவது. நான் ராத்திரி ஒன்பது மணிக்குக் கைபேசியை அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு வருவது, காலையில் பல் தேய்த்த பிறகுதான் எடுப்பது. அதற்காக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். எவ்வளவு நாளில் பழகும் என்று மாமா கேட்டார். 21 நாள் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவர் 2010ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக ஓட ஆரம்பிக்கச் சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை வித்தியாசம். அதுவும் தண்ணீர் குடிப்பது, நடப்பது மாதிரி சாதுவான பழக்கங்களுக்கு. "அப்ப எனக்கு 254-ன்னு வெச்சிக்க" என்றார்.

தை மாசம் ஒரு சொந்தக்காரர் சாவு. துக்க வீட்டின் பின்பக்கம் வழக்கம்போல் ஆட்கள் கூடினார்கள். மாமா நாலு நாள் குடித்தார். அந்த வாரமே நானும் டிரம்மின் மேலிருந்து கைபேசியை எடுத்துவிட்டேன். ஏதோ அவசர வேலை என்று ஒரு காரணம், பிறகு தொடர்ந்து பத்து ராத்திரி. அவர் வழுக்கியதும் வீடே பேச்சை நிறுத்தியது. அம்மா அழுதாள், அத்தை தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் வழுக்கியது ஒருவருக்கும் தெரியாது. என் மகள் மட்டும், "அப்பா, கடிகாரத்துக்கு பேட்டரி போயிடுச்சா?" என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள் மாமாவே ஆஸ்பத்திரிக்குப் போனார், தனியாக. அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் இல்லை. அச்சகத்தில் மறுபடி மெஷினில் நிறுத்தியிருக்கிறார்கள். முதல் ஒரு மாசம் பண்டல் கட்டுகிற வேலைதான் கொடுத்தார்கள்.

நேற்று ஆறு மணிக்கு வழக்கம்போல் அழைத்தார். சுற்று வழியில் ஒரு பருத்திப்பால் வண்டிக்காரர் பழக்கமாகிவிட்டாராம், குடித்துக்கொண்டே பேசுவதாகச் சொன்னார்.

"என்ன மாப்ள, பொட்டி எங்க இருக்கு?"

"கையிலதான் மாமா. உங்ககிட்டதானே பேசிக்கிட்டிருக்கேன்."

"பேசி முடிச்சதும் வெச்சிருவியா?"

"மணி ஆறுதானே மாமா ஆவுது. ஒன்பதுக்குத்தானே கணக்கு."

"நானும் முன்ன அப்படித்தான் மணி பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.